யூவாஸ்குலாவின் சைக்ளோட்ரான்கள்: ஒரு பல்கலைக்கழகம் சொந்தமாக முடுக்கி வைத்திருக்கத்தான் வேண்டுமா?

கரிகாலன் (எஸ்போ):

பின்லாந்தில் வரி கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். 2030க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்தை ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது இந்த நாட்டின் இலக்கு. அதற்கென்று ஒரு சட்டமும் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் கூடும்போதுதான் எதற்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று கறாராகக் கேட்க வேண்டும்.

யூவாஸ்குலா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1863இல் ஆசிரியர் பயிற்சிக்கூடமாகத் தொடங்கி 1966இல் பல்கலைக்கழகமானது. இன்றும் கல்வியியல்தான் அதன் பெரிய பெயர். அப்படிப்பட்ட இடத்தில் ஏரிக்கரைச் சரிவில், அணுத்துகள்களை வேகமூட்டி இலக்கில் மோதவிடும் ஒரு முடுக்கி ஆய்வகம் இருக்கிறது. கே130 என்ற பெரிய சைக்ளோட்ரான், அதாவது துகள்களைச் சுற்றவிட்டு வேகமூட்டும் முடுக்கி, 1992 முதல் ஓடுகிறது. பக்கத்தில் இன்னொரு சிறிய சைக்ளோட்ரானும் உண்டு.

இது யார் பணத்தில் ஓடுகிறது? 2010இல் பல்கலைக்கழகங்கள் அரசிலிருந்து பிரிந்து தனிச் சட்ட அமைப்புகளாயின. அரசுப் பணம் ஒரு சூத்திரப்படி வருகிறது. 2021இல் வந்த சூத்திரத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கு 30 சதவீதம், முனைவர் பட்டத்துக்கு 8, கட்டுரைகளுக்கு 14, போட்டியில் வென்ற நிதிக்கு 12. முடுக்கி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு அதில் இடமே இல்லை. பின்லாந்து ஆய்வு மன்றத்திடம் நிதி வாங்கினால் முழுச் செலவில் அதிகபட்சம் 70 சதவீதம்தான் அவர்கள் தருவார்கள். மீதி 30 பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து போக வேண்டும். ஆக, இயற்பியல் துறை ஒவ்வொரு முறை வெற்றி பெறும்போதும் மொழியியலோ சமூகவியலோ கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகனில் 2022இல் திறந்த எஃப்ரிப் முடுக்கிக்கு ஆன செலவு 730 மில்லியன் டாலர். 56 லட்சம் பேர் வாழும் நாட்டின் நடுத்தரப் பல்கலைக்கழகம் அதோடு போட்டி போடவே முடியாது. சொந்த முடுக்கியைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஆட்களை ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே நிலையத்துக்கும் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ முடுக்கி ஆய்வகத்துக்கும் அனுப்பலாமே? பின்லாந்து 1991 முதல் செர்னில் உறுப்பினர். சந்தா ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.

மீனா_அயனி:

கரிகாலன் சார், நிதிக் கணக்கைச் சரியாகவே வைத்திருக்கிறீர்கள். ஆனால் "ஐசோல்டேவுக்குப் போனால் போதும்" என்ற இடத்தில் இயற்பியல் இடிக்கிறது. அந்த ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐசோல்டேயில் தடித்த இலக்கு ஒன்றின் மீது புரோட்டான்களை அடிக்கிறார்கள். உள்ளே உருவாகும் அரிய ஐசோடோப்கள் வெளியே வர வேண்டுமென்றால் அந்த இலக்கு 2000 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்க வேண்டும். எளிதில் ஆவியாகும் தனிமங்கள் வந்துவிடும். மாலிப்டினம், நையோபியம், டெக்னீசியம் போன்றவை அந்தச் சூட்டிலும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சில நொடிகளே வாழும் ஐசோடோப் வெளியே வருவதற்குள் சிதைந்து முடிந்துவிடும்.

1980களின் தொடக்கத்தில் யூஹா ஐஸ்தோவின் குழு யூவாஸ்குலாவில் வேறு வழி கண்டது. இலக்கு மெல்லிய தகடு. யுரேனியம் பிளந்ததும் துண்டுகள் தகட்டைவிட்டு வெளியே பாயும். சுற்றிலும் ஹீலியம் வாயு. அதில் மோதி மோதி வேகம் இழந்து ஒற்றை மின்னூட்டத்துடன் நிற்கும். வாயு ஓட்டம் அவற்றை ஒரு சிறு துளை வழியாக மில்லிநொடிகளில் வெளியே தள்ளிவிடும். பிறகு மின்புலம் இழுத்துக்கொள்ளும். சூடாக்கும் வேலையே இல்லை, அதனால் எந்தத் தனிமம் என்ற பேதமும் இல்லை. அதன் பெயர் இகிசோல்.

இதனால் யாருக்கு லாபம் என்று கேட்பீர்கள். அணு உலையை நிறுத்தியபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சங்கிலி வினை நின்ற கணத்திலும் முழுத்திறனில் 6, 7 சதவீத வெப்பம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும், பிளவுத் துண்டுகள் சிதைவதால். 2011இல் புகுஷிமாவில் உலைகளை உருக்கியது இந்த வெப்பம்தான். இதைக் கணக்கிட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஐசோடோப்பும் எவ்வளவு காமா ஆற்றல் விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். புளூட்டோனியம்-239 விஷயத்தில், உலை நின்று 4 நொடியிலிருந்து 3000 நொடி வரையான இடைவெளியில், கணக்கும் அளவீடும் பல காலமாக ஒத்துப்போகவே இல்லை. காரணம், பழைய டிடெக்டர்கள் உயர் ஆற்றல் காமாக்களைத் தவறவிட்டிருந்தன. சந்தேகத்துக்குரியவை டெக்னீசியம், மாலிப்டினம், நையோபியம் ஐசோடோப்கள். இந்த மூன்றும் இகிசோலில் கிடைக்கும். ஸ்பெயினின் வலென்சியா குழு டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு யூவாஸ்குலாவுக்கு வந்தது. அங்கே அயன்களைப் பிடித்து நிறைவாரியாகப் பிரிக்கும் பென்னிங் பொறியில் ஐசோடோப்களை ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்தி அளந்தார்கள். 2010இல் முடிவு வெளியானது, முரண்பாட்டின் பெரும்பகுதி தீர்ந்தது.

இதை ஜெனீவாவில் செய்திருக்க முடியாது. அந்த ஆசிரியர் பயிற்சிக்கூட ஊரில்தான் முடிந்தது.

செல்வி (லுண்ட்):

நானும் அணுக்கரு இயற்பியல்தான். ஆனால் கரிகாலன் பக்கம் நின்று பேசப்போகிறேன்.

தனிமம் 115, இன்று மாஸ்கோவியம் என்கிறோம். முதலில் கண்டது ரஷ்யாவின் டூப்னா ஆய்வகமும் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகமும். வேறொரு இடத்தில் யாராவது உறுதிப்படுத்தாமல் அது தனிம அட்டவணையில் ஏறாது. 2013இல் அதைச் செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம். அமெரிசியம் இலக்கில் கால்சியம்-48 பீம், அதாவது முடுக்கி தரும் துகள் கற்றை. பீம் எங்களுடையதா? இல்லை, ஜிஎஸ்ஐயுடையது. ஆல்பாவையும் அதோடு வரும் காமா, எக்ஸ் கதிர்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் டிடெக்டர் அமைப்பும், பகுப்பாய்வும், கேள்வியும்தான் லுண்டின் சொத்து.

மூளையும் டிடெக்டரும் நம் கையில் இருந்தால் போதும் என்பதுதான் என் நிலை. அணுக்களை மின்னூட்டம் பெற்ற அயன்களாக்கும் அயன் மூலத்துக்கும் வெற்றிட பம்புக்கும் குளிர்நீர்க் குழாய்க்கும் ரேடியோ அலை பெருக்கிக்கும் 24 மணி நேரமும் ஆள் போட்டு, அதற்குப் பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியிடங்களைக் கட்டிப்போடுவது ஆய்வுக்கு வரும் பணத்தைத்தான் தின்கிறது. மீனா சொன்ன கதையிலேயே பாருங்கள். டிடெக்டரையும் யோசனையையும் கொண்டுவந்தது வலென்சியா. வலென்சியாவில் அப்படி ஒரு பீம் இல்லை, இருந்தும் அந்தக் கட்டுரையின் முன்வரிசையில் நிற்பது அவர்கள்தான்.

மீனா_அயனி:

செல்வி, வலென்சியாக்காரர்கள் வந்து அளக்க ஒரு யூவாஸ்குலா இருந்தது. எல்லாரும் வலென்சியாவாகிவிட்டால் எங்கே போய் அளப்பார்கள்?

செல்வி (லுண்ட்):

இருக்கட்டும். ஐரோப்பாவுக்கு அப்படி ஒன்று தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதை ஏன் ஒரு பல்கலைக்கழகம் சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

தணிகைவேல்:

நான் இயற்பியல்காரன் இல்லை, செயற்கைக்கோள் மின்னணுவில் வேலை. யூவாஸ்குலாவை எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் ஐசோடோப்புக்காக அதைத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

விண்வெளியில் ஒரு கனமான அயன் மெமரி சிப்பைத் துளைத்தால் 0 இருந்த இடத்தில் 1 ஆகிவிடும். சில சமயம் உள்ளே குறுக்குச்சுற்று உண்டாகி சிப்பே எரிந்துபோகும். ஏவுவதற்கு முன் தரையில் சோதித்தாக வேண்டும். அதற்கு நைட்ரஜன் தொடங்கி செனான் வரை பல வகை அயன்கள் வேண்டும், சிப்பின் உணர்ச்சிப் பகுதி வரை ஊடுருவும் ஆற்றலோடு. ஐரோப்பாவில் இதைத் தரும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம். யூவாஸ்குலாவின் ரேடெஃப் அவற்றில் ஒன்று. 2005 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் அங்கீகாரம் பெற்ற கதிர்வீச்சுச் சோதனை நிலையம் அது.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சிப்பின் மூடியை அமிலம் வைத்து நீக்கி, சிலிக்கான் வெளியே தெரிகிற மாதிரி பலகையில் பொருத்தி வெற்றிட அறைக்குள் வைப்பார்கள். பீமை காக்டெயில் என்பார்கள். நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் பல தனிமங்களை அயன் மூலத்தில் ஒன்றாகவே போட்டுவிடுவார்கள். சைக்ளோட்ரானின் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தினால் ஆர்கான் போய் கிரிப்டான் வரும். ஒரு அயனிலிருந்து இன்னொன்றுக்கு மாற அரை நாள் ஆகும் இடங்களும் உண்டு. மணிக்கணக்கில் காசு கட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த அயன் மூலத்தை யார் செய்தது? அணுக்கரு இயற்பியல் குழுதான். ஆக, கரிகாலன் சார், முடுக்கியை நிறுத்தினால் மூடப்படுவது வெறும் அறிவுத்தேடல் மட்டும் இல்லை. காசு கொடுத்து வருகிற வாடிக்கையாளர்களின் வரிசையும் மூடப்படும்.

கரிகாலன் (எஸ்போ):

தணிகை, "வாடிக்கையாளர் இருக்கிறார்கள், அதனால் பிழைக்கும்" என்ற வாதத்துக்கு உப்சாலாதான் பதில்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் குஸ்தாவ் வெர்னர் சைக்ளோட்ரான் 1949இல் திறக்கப்பட்டது. பெயர் ஒரு துணி ஆலை முதலாளியுடையது. அவர் கொடுத்த நன்கொடையில் கட்டினார்கள், முன்னின்றவர் நோபல் பெற்ற ஸ்வேத்பேரி. 1957இலேயே அங்கே புற்றுநோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை கொடுத்தார்கள், உலகின் மிக முந்தைய முயற்சிகளில் ஒன்று. பின்னாளில் சிப் சோதனைக்கென்றே அனிதா என்ற நியூட்ரான் பீமும் அங்கே இருந்தது. நோயாளிகளும் வந்தார்கள், நிறுவனங்களும் வந்தன. உப்சாலாவில் ஸ்கான்டியோன் புரோட்டான் மருத்துவமனை 2015இல் தனியாகத் திறந்ததும் பழைய ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். ஸ்வீடன் அழிந்தா போயிற்று? 2016இல் லுண்டில், வலுவான எக்ஸ் கதிர் தரும் மேக்ஸ் 4 முடுக்கி திறந்தது. உயிரியல், வேதியியல், பொருளறிவியல் என்று எத்தனையோ துறைகளுக்குப் பயன்படுகிறது. ஒரு நாடு தேர்ந்தெடுத்துச் செலவு செய்தால் அப்படித்தான் இருக்கும்.

சோதனைக்கு வரும் நிறுவனம் மணிக்கட்டணம் கட்டுகிறது, சரி. 30 வருடம் பழைய காந்தத்தின் சுருள் பழுதானால் அந்த நிறுவனமா மாற்றித்தரும்?

பழையசுவடி:

உப்சாலாவை எடுத்துவிட்டீர்கள், முழுக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. எனக்கு அறிவியல் வரலாற்றில் ஈடுபாடு. அந்த ஊர் என்றால் இன்னும் அதிகம்.

முதலில் வரிசையைப் பாருங்கள். உப்சாலாவில் செல்சியஸ் என்ற சேமிப்பு வளையம் இருந்தது, துகள்களைச் சுற்றிக்கொண்டே இருக்க வைப்பது. அதில் வாசா என்ற டிடெக்டர். அடிப்படை ஆய்வின் நெஞ்சு அது. 2005இல் செல்சியஸை நிறுத்தினார்கள். வாசாவைப் பிரித்துக் கட்டி ஜெர்மனியின் யூலிஷுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின் எஞ்சியது சேவை: நோயாளிகள், சிப் சோதனை. சிகிச்சை ஸ்கான்டியோனுக்குப் போனதும் தாங்கிப்பிடிக்க எதுவும் மிச்சமில்லை. சேவை வருமானம் ஆய்வகத்தைக் காப்பாற்றாது என்று கரிகாலன் இதிலிருந்து முடிவு கட்டுகிறார். எனக்குத் தெரிவது வேறு. ஆய்வை முதலில் வெட்டினார்கள். சேவையை மட்டும் தனியாக நிறுத்திவைத்தார்கள். பத்தே வருடத்தில் அதுவும் விழுந்தது. முடுக்கியைப் புதுப்பிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் ஆய்வாளர்கள்தான். வாடிக்கையாளர் வேறு ஊருக்கு மணி வாங்கப் போய்விடுவார்.

ஸ்டாக்ஹோமிலும் இதுவே நடந்தது. மான்னே சீக்பான் ஆய்வகத்தின் கிரைரிங் வளையம் இப்போது டார்ம்ஸ்டாட்டில், ஜிஎஸ்ஐ வளாகத்தில் இருக்கிறது, அங்கே கட்டப்படும் ஃபேர் என்ற பெரிய முடுக்கித் திட்டத்துக்கு ஸ்வீடன் தந்த பங்காக. ஸ்வீடன்காரர்கள் தங்கள் வளையத்தைப் பார்க்கவே விமானம் ஏற வேண்டும்.

இன்னொன்று. காய் சீக்பான் உப்சாலாவில் அணுக்கருவின் பீட்டா சிதைவை அளப்பதற்காகத் துல்லியமான நிறமாலைமானிகளைச் செய்துகொண்டிருந்தவர். அதே நுட்பத்தை அணுவின் எலக்ட்ரான்கள் பக்கம் திருப்பினார். எக்ஸ் கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால், அது எந்தத் தனிமம், எந்த வேதிப் பிணைப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1981இல் நோபல். இன்று வினையூக்கி ஆய்விலிருந்து சிப் தொழிற்சாலை வரை பரப்பு வேதியியல் செய்யும் இடமெல்லாம் அந்தக் கருவி இருக்கிறது. பீட்டா சிதைவு ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் யாரும் இதற்காகக் கொடுக்கவில்லை. கருவி செய்யும் கை ஒரே ஊரில் தலைமுறையாக இருந்ததால் நடந்தது.

கரிகாலன் (எஸ்போ):

பழையசுவடி ஐயா, உங்கள் எழுத்தை எப்போதும் மதிப்பவன் நான். ஆனால் நோபல் வந்த ஒன்றை எடுத்துக் காட்டுகிறோம். வராத நூறை யாரும் காட்டுவதில்லை. எந்தத் துறைக்காரரும் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு வரலாம். நிதி அமைச்சகத்தில் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

குமரன் (ஒஸ்லோ):

கரிகாலன் அண்ணை, நோபலை விடுங்கோ. நோர்வேயில என்ன நடந்ததெண்டு சொல்லுறன், நான் இங்க மருத்துவ இயற்பியல் படிச்சனான்.

நோர்வேயில கடைசியா ரெண்டு ஆய்வு உலை இருந்தது. ஹால்டன் 2018இல நிப்பாட்டினது, ஷெல்லரில இருந்த மற்றது 2019இல. அணு மின்சாரம் இங்க ஒருநாளும் இருக்கேல்லை. அதால கனபேர் "இனி அணுக்கரு அறிவு எதுக்கு" எண்டு கேட்டவை. ஆனா நிப்பாட்டினதோட வேலை முடியேல்லை. ரெண்டையும் பிரிச்சு, எரிபொருளையும் கழிவையும் பத்திரமா வைக்கிறது பல பத்தாண்டு வேலை. 2024இல அரசாங்கம் அணு மின்சாரம் வேணுமோ எண்டு ஆராய ஒரு குழுவையும் போட்டுது. இதுக்கெல்லாம் கதிர்வீச்சைக் கையால அளந்து பழகின ஆக்கள் வேணும். அந்த ஆக்களைக் கடையில வாங்கேலாது.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில ஒரு சின்ன சைக்ளோட்ரான் இருக்குது, எம்சி-35. உலகத் தரத்தில பாத்தா சின்ன மெசின்தான். ஆனா அதை வைச்சு ஒரு முறையையே உருவாக்கினவை. ஒஸ்லோ முறை எண்டு உலகம் முழுக்க அந்தப் பேரிலேயே பாவிக்கினம். அணுக்கரு தூண்டப்பட்ட நிலையில விடுற காமாவை அளந்து, அதில இருந்து அந்த அணுக்கரு நியூத்திரனை எவ்வளவு இலகுவா விழுங்கும் எண்டு கணக்கிடலாம். நட்சத்திரங்களில பாரமான தனிமங்கள் எப்பிடி உண்டாகுது எண்டு பாக்கிறவைக்கும் அது வேணும், உலை செய்யிறவைக்கும் வேணும். அவையின்ர ஒஸ்கார் டிடெக்டரில 30 லாந்தனம் புரோமைட் பளிங்கு. மெசின் சின்னன் எண்டபடியால அங்க மாஸ்டர்ஸ் மாணவரும் பக்கத்தில நிண்டு பழகலாம்.

அடுத்தது, ரேடியம்-223. எலும்புக்குப் பரவின புரொஸ்டேட் புற்றுநோய்க்கு 2013இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச மருந்து, ஆல்பா துகள் விடுற முதல் மருந்து. அதைக் கொண்டுவந்த அல்ஜெட்டா கொம்பனி ஒஸ்லோவில, ரேடியம் மருத்துவமனைச் சூழலில பிறந்தது. பிறகு பேயர் வாங்கினது, 2.9 பில்லியன் டொலருக்கு. அதுக்குப் பின்னால நிண்டது அணு வேதியியல் படிச்ச ஆக்கள். இவ்வளவும் ஐஞ்சு மில்லியன் சனம் உள்ள ஒரு நாட்டில.

செல்வி (லுண்ட்):

குமரன், ரேடியம்-223க்கு எம்சி-35 காரணமில்லை. அந்த மூலப்பொருள் முடுக்கியிலிருந்து வருவதும் இல்லை, ஆக்டினியம் சிதைவிலிருந்து வருவது. உங்கள் எடுத்துக்காட்டு "அணு வேதியியலர்கள் வேண்டும்" என்பதற்குச் சரி. "முடுக்கி வேண்டும்" என்பதற்கு ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் வாதம் நிற்காது.

என் தரப்பை இன்னும் தெளிவாக வைக்கிறேன். ஒஸ்லோவில் ஒன்று, யூவாஸ்குலாவில் ஒன்று, ஹெல்சிங்கியில் பொருளறிவியலுக்கு ஒன்று, ஓர்ஹுஸில் ஒரு வளையம். நார்டிக் நாடுகள் ஐந்தும் சேர்ந்தாலே மூன்று கோடி மக்கள்கூட இல்லை. ஒன்றை மட்டும் வலுவாக வைத்து, எல்லா நாடும் சேர்ந்து இயக்கச் செலவைப் பகிரலாமே? ஒவ்வொரு நாட்டு மாணவரும் அங்கே போய்ப் பழகட்டும். இப்போது நடப்பது என்ன? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தாளாளரிடம் வருடாவருடம் மன்றாடுகிறது.

குமரன் (ஒஸ்லோ):

மருந்துக்கு மெசின் தேவைப்பட்டது எண்டு நான் சொல்லேல்லை. அந்த மெசினும் அந்த ஆக்களும் ஒரே பல்கலைக்கழகச் சூழலில, ஒரே வகுப்புகளில இருந்து வாறவை எண்டுதான் சொன்னனான். ஒண்டை மூடினா மற்றதுக்குப் படிக்க வாற பிள்ளையள் குறைவினம்.

மீனா_அயனி:

செல்வியின் நார்டிக் யோசனை மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் "மூளையும் டிடெக்டரும் போதும்" என்றது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பீமும் மூளையால்தான் வருகிறது.

இரும்பு, நிக்கல் பீம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உலோகத்தை அயன் மூலத்துக்குள் வாயுவாக எப்படிக் கொண்டுபோவது? அடுப்பில் உருக்கினால் வெப்பம் பொறுக்காது, பீமும் நிலையாக இருக்காது. யூவாஸ்குலாவில் 1990களில் ஒரு வழி கண்டார்கள். ஃபெரோசீன் போன்ற சேர்மங்களில் இரும்பு அணு இருக்கிறது, சாதாரண அறை வெப்பநிலையிலேயே அவை மெல்ல ஆவியாகும். ஒரு சிறு குடுவையில் அந்த ஆரஞ்சு நிறத் தூளைப் போட்டு வால்வைத் திறந்தால் போதும். மிவோக் முறை என்று பெயர். இன்று பல நாட்டு முடுக்கிகளில் இதுதான் வழக்கம். பயணப்பையோடு வந்து ஒரு வாரம் தங்கிப்போகும் விருந்தாளிக்கு இது தோன்றாது. அயன் மூலத்தின் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களுக்குத்தான் தோன்றும். ஊரில் தேர் இருந்தால்தான் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

மாணவர்களைப் பாருங்கள். 2023இல் அஸ்டாடின்-190 என்ற ஐசோடோப்பை அங்கே கண்டார்கள். வெள்ளித் தகட்டில் ஸ்ட்ரான்சியம்-84 பீம். இரண்டு அணுக்கருவும் இணைந்து, மூன்று நியூட்ரான் கழன்று, வேண்டிய அணுக்கருவை மட்டும் பிரித்தெடுக்கும் ரிட்டு என்ற பிரிப்பான் வழியே வந்து சிலிக்கானில் விழுந்து, ஒரு மில்லிநொடியில் ஆல்பா விட்டுச் சிதைகிறது. அந்தக் கண்டுபிடிப்பு ஒரு மாணவியின் முதுகலை ஆய்வேட்டு வேலை. முதுகலை! அதே மாணவி முனைவர் ஆய்வின்போது 2025இல் அஸ்டாடின்-188ஐக் கண்ட குழுவிலும் முன்னின்றார். புரோட்டானை உமிழ்ந்து சிதையும் அணுக்கருக்களில் இதுவரை கண்டவற்றிலேயே கனமானது அது. ஜிஎஸ்ஐயில் ஒரு முதுகலை மாணவிக்கு இப்படி இடம் கிடைக்குமா, செல்வி? நீங்களே சொல்லுங்கள்.

செர்னும் எப்போதும் திறந்திருக்கும் கடை இல்லை. 2018 இறுதியில் நீண்ட பராமரிப்புக்கு மூடியபின் 2021 வரை ஐசோல்டேவுக்குப் புரோட்டானே வரவில்லை. மூன்று வருடத்தில் முடிக்க வேண்டிய முனைவர் பட்டம் அந்த இடைவெளியில் மாட்டினால் என்ன ஆகும்?

செலவைப் பற்றியும் ஒன்று. அந்தச் சிறிய சைக்ளோட்ரான் எப்படி வந்தது தெரியுமா? பழைய சோவியத் ஒன்றியம் பின்லாந்துக்குத் தர வேண்டியிருந்த கடனில் ஒரு பகுதிக்கு ஈடாக ரஷ்யா செய்து கொடுத்தது. 2009இல் வந்து இறங்கியது. காமா கதிர் அளக்கும் ஜூரோகாம் வரிசையின் ஜெர்மானியம் டிடெக்டர்கள் ஐரோப்பியப் பொதுக் கையிருப்பிலிருந்து வந்தவை. கிரேட் என்ற கருவியை பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தங்கள் நாட்டுப் பணத்தில் செய்து கொண்டுவந்து வைத்தன. அங்கே பீம் இருந்ததால்தான் இவ்வளவு பேர் தங்கள் கருவிகளை அந்த ஊரில் கொண்டுவந்து வைத்தார்கள். நீங்கள் 30 சதவீதச் செலவை மட்டும் கணக்கில் எழுதுகிறீர்கள், கரிகாலன் சார். இந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

செல்வி (லுண்ட்):

ஜிஎஸ்ஐயில் முதுகலை மாணவிக்கு அவ்வளவு பொறுப்பு எளிதில் கிடைக்காது. உண்மை. அங்கே ஒரு பீம் டைமுக்குப் பல குழுக்கள் வரிசையில் நிற்கும். கிடைத்தால் சில வாரம், கிடைக்காவிட்டால் அடுத்த வருடம். ஃபேர் கட்டி முடிந்தால் சீராகும் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். செலவு 3 பில்லியன் யூரோவைத் தாண்டிவிட்டது. 2022க்குப் பின் ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு நின்றதால் வந்த இடைவெளியையும் மற்றவர்கள் நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஆனால் இதிலிருந்து யூவாஸ்குலா நிர்வாகம் தனியாகச் சுமக்க வேண்டும் என்ற முடிவு வராது. நீங்கள் அடுக்கிய பிரிட்டிஷ் கருவி, ஸ்பெயின் குழு, ஐரோப்பியக் கையிருப்பு எல்லாமே அது ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்பதற்குச் சான்று. பின் ஏன் அதற்கு வரும் பணம் மட்டும் பட்டங்களையும் கட்டுரைகளையும் எண்ணி வருகிறது?

கரிகாலன் (எஸ்போ):

இந்தப் புள்ளியில் செல்வியும் நானும் ஒரே இடத்தில் நிற்கிறோம். சூத்திரத்தில் 9 சதவீதம் தேசியக் கடமைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முடுக்கியை அந்தத் தலைப்புக்குக் கொண்டுபோங்கள். இயக்கச் செலவு எவ்வளவு, பீம் மணி யாருக்குப் போகிறது, எவ்வளவு சோதனைக் கட்டணம் வருகிறது என்று வெளிப்படையாக வையுங்கள். வெளியாட்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆராயட்டும். விண்ணப்பங்கள் குறைந்தால் மூடட்டும். மற்ற துறைகளின் பங்கிலிருந்து சத்தமில்லாமல் எடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தேசிய ஆய்வுக் கட்டமைப்புப் பட்டியலில் அது இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பட்டியலில் இருந்தால் வரும் பணம் பெரும்பாலும் கருவி வாங்கவும் மேம்படுத்தவும்தான். புதுக் கருவி வரும், அதை ஓட்டுகிற ஆளின் சம்பளம் வராது.

மீனா_அயனி:

வெளி மதிப்பீட்டுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனையும் இப்போதே வெளிநாட்டு நிபுணர் குழுவின் முன் போய்த்தான் பீம் மணி பெறுகிறது. ஐந்து வருடம் என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். மாரா போன்ற ஒரு பிரிப்பானை வரைந்து, பணம் தேடி, கட்டி, முதல் நல்ல முடிவு எடுப்பதற்கே அதைவிட நீண்ட காலம் ஆகிறது. நடுவில் விண்ணப்பம் குறைந்த ஒரு வருடத்தைப் பார்த்து மூடினால், திரும்பக் கட்ட முடியாது. ஆபரேட்டர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். உப்சாலாவில் அந்தச் சைக்ளோட்ரானை மறுபடி ஓட்டு என்று இன்று சொன்னால் யார் ஓட்டுவார்கள்?

தணிகைவேல்:

சோதனைக் கட்டணத்தை அதிகமாக நம்ப வேண்டாம் என்று பழையசுவடி ஐயா சொன்னதை நானும் ஏற்கிறேன். நாங்கள் அதிக மணி கேட்கக் கேட்க ஆய்வு மணி குறையும். அங்கே கனமான அயன் பீம் ஒன்றுதான், அதை இரண்டு பேருக்கு விற்க முடியாது. எங்கள் கட்டணத்திலேயே புதுப்பிப்பு நிதி என்று ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தால் நிறுவனங்கள் தாங்கும். வேறு இடம் எளிதில் கிடைக்காது என்று அவர்களுக்கும் தெரியும்.

செல்வி (லுண்ட்):

அப்படியே வையுங்கள். எனக்கு இன்னும் பதில் கிடைக்காத ஒன்று வெளிநாட்டு விருந்தினர் பற்றியது. வலென்சியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும் மாணவர்களின் பயணச் செலவையும், அவர்கள் எடுக்கும் பீம் மணிக்கு ஆய்வகத்துக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்கள்தான் கொடுத்துவந்தன. முன்பு என்சார், பிறகு என்சார்-2, அதற்கடுத்து யூரோ-லாப்ஸ். அது 2022 செப்டம்பரில் தொடங்கிய நான்கு ஆண்டுத் திட்டம். ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் புதிதாக எழுதி வென்றால்தான் அடுத்த நான்கு ஆண்டு. தேசியக் கடமை என்று பின்லாந்து எழுதிக்கொண்டால், அந்தக் கடமையில் வெளிநாட்டு மாணவரின் பீம் மணியும் சேருமா? சேரும் என்றால் கரிகாலன் வரி கட்டத் தயாரா? சேராது என்றால் மீனா அடுக்கிய கருவிகளை அவரவர் நாடுகள் திருப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

கரிகாலன் (எஸ்போ):

கணக்கு வெளியே வந்தால் கட்டத் தயார். செர்ன் சந்தாவில் நம் பணத்தில் மற்ற நாட்டவரும் அளக்கிறார்கள், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் நார்வேயும் ஸ்வீடனும் டென்மார்க்கும் தங்கள் மாணவர்களை அனுப்பும்போது ஒரு பங்கு கட்ட வேண்டும். செல்வி, உங்கள் பல்கலைக்கழகத்தில் அதை யார் எழுப்புவார்கள்?

செல்வி (லுண்ட்):

எங்கள் துறைக் கூட்டத்தில் நானே எழுப்புகிறேன். மீனா, அங்கே ஒரு பீம் மணிக்கு முழுச் செலவு எவ்வளவு என்ற கணக்கு வெளியிடத்தக்க வடிவில் இருந்தால் அனுப்பி வையுங்கள். எண் இல்லாமல் போய் நின்றால் ஸ்வீடன்காரர்கள் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.